கடைசி ஆண்டுக்கு முந்தைய கோடை: அமெரிக்காவில் படிக்கும் ஒரு மாணவருக்கு

கேள்வி சுருக்கமாக இது: "அமெரிக்காவில் கணினி அறிவியல் இளங்கலை படிக்கிறேன், எஃப்-1 மாணவர் விசா. மூன்றாம் ஆண்டு முடிந்துவிட்டது. எத்தனையோ இடத்துக்கு விண்ணப்பித்தும் இன்டர்ன்ஷிப் கிடைக்கவில்லை. ஒரு பேராசிரியரின் லேபில் இலைப் படங்களைப் பார்த்து நோய் இருக்கிறதா இல்லையா என்று குறிக்கும் வேலை, மீதி நேரம் கேம்பஸ் நூலகத்தில் வேலை. இந்தக் கோடை வீணா? கடைசி ஆண்டுக்கு எப்படித் திட்டமிடுவது? வேலைக்குப் போவதா, மேலே படிப்பதா?"

வீணில்லை. இன்டர்ன்ஷிப் கிடைத்திருந்தால் ஒரு பெரிய வசதி இருந்திருக்கும், அதை மறைக்க மாட்டேன். பத்துப் பன்னிரண்டு வாரம் வேலை பார்த்த இடத்திலேயே, பிடித்துப்போனால், கோடை முடியும்போது முழுநேர வேலைக்கு ஆஃபர் கொடுப்பார்கள். அந்த ஒரு வழி உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். மற்ற வழிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவை எப்போது திறக்கின்றன, எப்போது மூடுகின்றன என்பது தெரியாமல்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

கடைசி ஆண்டு என்றால் ஆகஸ்டிலிருந்து மே வரை, கையில் நிறைய நேரம் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். பாடங்களுக்கு அது சரி. உங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் வேலைகளுக்கோ ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரைதான் நேரம். அடுத்த மே மாதம் பட்டம் பெறுகிறவர்களுக்கான வேலைகளைப் பெரிய நிறுவனங்கள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வெளியிட ஆரம்பித்துவிடும். கேம்பஸ் கேரியர் ஃபேர் பெரும்பாலும் செப்டம்பரில் நடக்கும். பிஎச்.டி. விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி அநேகமாக டிசம்பர் 1-க்கும் 15-க்கும் நடுவில் வரும். இதே நாட்களில்தான் நான்கைந்து பாடம், மிட்டெர்ம், புராஜெக்ட் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். அதனால் நேரம் பிடிக்கிற வேலைகளை, அதாவது யோசித்து எழுத வேண்டியவற்றையும் ஆட்களைப் பார்த்துப் பேச வேண்டியவற்றையும், கோடையிலேயே முடித்துவிட வேண்டும். உங்கள் கோடைக்கு நான் சொல்லும் திட்டம் இதுதான். ரெசியூமேயில் இன்னும் நான்கு வரி சேர்ப்பது அதற்குப் பிறகுதான்.

முதலில் டிகிரி ஆடிட், அதாவது பட்டத்துக்கு வேண்டியவற்றில் எவை முடிந்தன, எவை பாக்கி என்று காட்டும் பட்டியல். அதைச் சரிபார்ப்பது யாருக்கும் பிடிக்காத வேலை, ஆனால் அரை நாள் ஒதுக்கிச் செய்யுங்கள். இளங்கலைக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். மொத்தம் சரியாக வந்துவிட்டது என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். சிக்கல் அந்த மொத்தத்துக்கு உள்ளே இருக்கும். மேல்நிலைப் பாடங்கள் இத்தனை கிரெடிட் இருக்க வேண்டும் என்ற விதியில் மூன்று குறையும். இயற்பியல் எடுத்திருப்பார்கள், அதோடு சேர்ந்த ஒரு கிரெடிட் லேபை விட்டிருப்பார்கள். வேறு கல்லூரியிலிருந்து கொண்டுவந்த பாடம் கணக்கில் ஏறியிருக்கும், ஆனால் மேஜர் பாடமாக ஏறாமல் வெறும் எலெக்டிவாக நிற்கும். சில பாடங்கள் ஃபால் செமஸ்டரில், அதாவது ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை, மட்டும்தான் நடக்கும். அதை ஏப்ரலில் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. கேப்ஸ்டோன் எனும் இறுதியாண்டு புராஜெக்ட் இரண்டு செமஸ்டர் தொடர் என்றால் முதல் பாதியை ஃபாலிலேயே எடுத்தாக வேண்டும். ஆடிட்டை அச்செடுத்து, பூர்த்தியாகாத ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தப் பாடம், எந்த செமஸ்டர் என்று எழுதி, அட்வைசரிடம் காட்டி, அவர் சொன்னதை மின்னஞ்சலில் உறுதிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். விதிவிலக்கு ஏதாவது கொடுத்தால் அது எழுத்தில் இருக்க வேண்டும். அட்வைசர்கள் மாறுவார்கள், மின்னஞ்சல் அப்படியே இருக்கும்.

உங்கள் விசாவுக்கும் இந்த ஆடிட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளே இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். படிப்பு முடிந்தபின் வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடி 12 மாதம். உங்கள் துறை ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பதால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஓபிடிக்கு, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 சான்றிதழில் உள்ள படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். மே 15 என்றால் பிப்ரவரி நடுவிலிருந்து ஜூலை நடு வரை. முதலில் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் பரிந்துரை பதிய வேண்டும். பதிந்த 30 நாளுக்குள் ஐ-765 என்ற விண்ணப்பப் படிவம் குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். விண்ணப்பம் பரிசீலனையில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கிடக்கும் என்பதால் பிப்ரவரியிலேயே அனுப்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பணம் மிச்சமாகும் என்று ஒரு செமஸ்டர் முன்னதாகவே, டிசம்பரில் படிப்பை முடிக்க நினைப்பவர்கள் உண்டு. குடியுரிமை உள்ளவர்களுக்கு அது நல்ல யோசனையாக இருக்கலாம். உங்களுக்கு அப்படியில்லை, கணக்கைப் பாருங்கள். ஓபிடி தொடங்கும் தேதி, படிப்பு முடிந்த 60 நாளுக்குள் இருக்க வேண்டும். டிசம்பர் 15-இல் முடித்தால், எவ்வளவு தள்ளிப்போட்டாலும் பிப்ரவரி நடுவில் ஓபிடி தொடங்கிவிடும். அதன்பின் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அதாவது மே நடுவுக்குள் வேலையில் இருந்தாக வேண்டும். ஆனால் புதிய பட்டதாரிகளை நிறுவனங்கள் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் ஜூன், ஜூலையில்தான். கையில் ஆஃபர் இருந்தும் நடுவில் உள்ள மாதங்களை எப்படிக் கடப்பது என்று தவிக்க வேண்டிவரும். ஆகவே டிசம்பரா, மேயா என்பதை டியூஷன் கட்டணத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைசி செமஸ்டரில் இரண்டே பாடம்தான் பாக்கி என்றால், அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு 12 கிரெடிட்டுக்குக் குறைவாக எடுக்கலாம். அந்த வழியில் செலவும் குறையும், மே மாதமும் கைவிட்டுப் போகாது.

படிக்கும்போதே வெளியே வேலை பார்க்க சிபிடி என்ற அனுமதி இருக்கிறது. ஃபால் செமஸ்டரில் பகுதிநேர இன்டர்ன்ஷிப் கிடைத்தால் அதைப் பயன்படுத்தலாம். வேலை உங்கள் பாடத்திட்டத்தோடு இணைந்ததாக இருக்க வேண்டும், அனுமதி ஐ-20இல் ஏறிய பிறகுதான் முதல் நாள் வேலைக்குப் போக வேண்டும். முழுநேர சிபிடியில் 12 மாதம் வேலை பார்த்துவிட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி போய்விடும், பகுதிநேரத்துக்கு அந்த ஆபத்து இல்லை. அப்புறம், ஸ்டெம் நீட்டிப்பு வேண்டுமானால் ஊழியர்களின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை திட்டத்தில் நிறுவனம் பதிந்திருக்க வேண்டும். சின்ன ஸ்டார்ட்அப்பில் ஆஃபர் வந்தால் சம்பளம் கேட்கும் அதே மூச்சில் இதையும் கேட்டுவிடுங்கள். குடிவரவு விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அதனால் நான் சொன்ன ஒவ்வொன்றையும் விண்ணப்பிக்கும் சமயத்தில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் குழுவில் வரும் செய்தியை நம்பி ஒரு படிவமும் அனுப்ப வேண்டாம்.

சரி, இனி லேப் வேலைக்கு வருவோம். "படங்களைக் குறிக்கும் வேலை" என்று நீங்கள் எழுதியிருந்த விதத்திலேயே உங்களுக்கு அதன் மேல் மதிப்பில்லை என்று தெரிகிறது. எனக்கு இருக்கிறது. நூறு இலையில் தொண்ணூறு நல்ல இலை, பத்துதான் நோய் இலை என்று வையுங்கள். இரண்டு பேர் படத்தையே பார்க்காமல், தொண்ணூறு சதவீதம் "நல்லது", பத்து சதவீதம் "நோய்" என்று மனம்போன போக்கில் குறித்தாலும், சராசரியாக 82 படங்களில் இருவர் பதிலும் ஒத்துப்போகும். ஆகவே உண்மையாகப் பார்த்துக் குறித்த இருவர் 85 சதவீதம் ஒத்துப்போகிறார்கள் என்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மீதியை அளக்கத்தான் ஜேக்கப் கோஹன் 1960-இல் கப்பா என்ற அளவையைக் கொடுத்தார். மேலே சொன்ன 85 சதவீதத்துக்குக் கப்பா சுமார் 0.17 தான் வரும். அது மிகக் குறைவு.

உங்கள் லேபில் இதை யாராவது கணக்கிட்டிருக்கிறார்களா? கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், உங்களோடு வேலை பார்க்கும் இன்னொருவரும் நீங்களும் ஒரே இருநூறு படங்களைத் தனித்தனியே குறித்து, கப்பாவைக் கணக்கிட்டு, இருவரும் முரண்பட்ட படங்களை மட்டும் எடுத்து உட்கார்ந்து பாருங்கள். நோய்ப் புள்ளியையும் பூச்சி கடித்த தழும்பையும் ஒருவர் ஒன்றாக நினைத்திருக்கலாம், நிழல் விழுந்த இலையை இன்னொருவர் நோய் என்று எண்ணியிருக்கலாம். எதை எப்படிக் குறிப்பது என்று ஒரு பக்கத்தில் விதி எழுதி, மறுபடி வேறு இருநூறு படம் குறித்து, கப்பா ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று வார வேலைதான். ஆனால் இதை முடித்தபிறகு நேர்காணலில் "இந்தக் கோடையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், தரவின் தரம் எங்கே கெட்டது, எப்படிக் கண்டுபிடித்தேன், என்ன மாற்றினேன், எவ்வளவு முன்னேறியது என்று எண்களோடு பதில் சொல்வீர்கள். பெரிய பெயருள்ள நிறுவனத்தில் இன்டர்ன் ஆக இருந்துவிட்டு, தான் வேலை பார்த்த பகுதி எதற்காக இருக்கிறது என்றே சொல்லத் தெரியாத மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு வித்தியாசம் சட்டென்று தெரிந்துவிடும்.

மேற்படிப்புக்கும் இதுவே அடித்தளம். ஏன் மேலே படிக்க விரும்புகிறோம் என்று விளக்கும் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ் எழுத உட்காரும் பலர் "சிறு வயதிலிருந்தே கணினி மேல் ஆர்வம்" என்று ஆரம்பிக்கிறார்கள். படிக்கிற குழுவுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. இருவர் முரண்பட்ட அந்த இலைப் படத்தில் ஆரம்பியுங்கள். மனிதர்களே ஒத்துப்போகாத இடத்தில் மாடலிடம் எதைச் சரியான விடை என்று எதிர்பார்ப்பது என்ற கேள்வி எப்படி எழுந்தது, அதற்கு என்ன படித்தீர்கள், எது இன்னும் விளங்கவில்லை என்று எழுதுங்கள். முதல் வரைவை ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள். அது மோசமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் திருத்துவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலையா, மேற்படிப்பா என்பதற்கு வருகிறேன். மாஸ்டர்ஸும் பிஎச்.டி.யும் ஒரே பாதையில் அடுத்தடுத்து வரும் இரண்டு நிலையங்கள் என்று ஊரில் நினைக்கிறோம். அமெரிக்காவில் இளங்கலை முடித்தவுடன் நேரடியாகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். கணினி அறிவியல் போன்ற துறைகளில் பிஎச்.டி. மாணவருக்கு டியூஷனைத் தள்ளுபடி செய்து, பாடம் நடத்த உதவுவதற்கோ ஆராய்ச்சிக்கோ உதவித்தொகையும் தருவது வழக்கம். மாஸ்டர்ஸுக்குப் பெரும்பாலும் சொந்தப் பணம்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஒரே விஷயத்தோடு ஐந்தாறு வருடம் வாழ மனம் ஒப்புகிறதா என்பது. அந்த இலைப் பிரச்சினை ராத்திரி படுத்தபிறகும் மண்டைக்குள் ஓடுகிறதென்றால் பிஎச்.டி.யைத் தீவிரமாக யோசியுங்கள். ஓடவில்லை என்றால் வேலைக்குப் போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. மேலே படிக்க இரண்டு வருடம் கழித்தும் திரும்பி வரலாம்.

விசாவுக்காக மட்டும் மாஸ்டர்ஸ் சேர்வதை நான் ஆதரிப்பதில்லை. அதில் உள்ள நியாயம் எனக்குப் புரிகிறது: உயர்ந்த பட்டம் ஒன்று பெற்றால் புதிதாக 12 மாத ஓபிடி கிடைக்கும். எச்-1பி எனும் வேலை விசாவின் ஆண்டு வரம்பான 65,000-க்கு மேல், அமெரிக்காவில் மாஸ்டர்ஸோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கென்று 20,000 தனியாக இருக்கிறது. ஆனால் உங்களுக்கு ஸ்டெம் நீட்டிப்போடு மொத்தம் மூன்று வருடம் ஓபிடி இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் வாக்கில் நடக்கும் எச்-1பி பதிவில் அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிறுவனம் உங்கள் பெயரைக் கொடுக்கலாம். ஊரில் வீட்டை அடமானம் வைத்து மாஸ்டர்ஸ் கட்டணம் கட்டுவதற்கு முன்னால், முதலில் அந்த மூன்று வருடத்தைப் பயன்படுத்திப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாமா என்றால், தாராளமாக. வேலைக்கான நெருக்கடி செப்டம்பர், அக்டோபரில், பல்கலைக்கழகங்களுக்கானது நவம்பர், டிசம்பரில். பிஎச்.டி. உதவித்தொகையோடு இடம் வந்தால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட பொது உடன்பாட்டின்படி ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு, அதற்கு முன் அவசரப்படுத்தினால் பயப்பட வேண்டாம். மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வைப் பல கணினி அறிவியல் துறைகள் இப்போது கேட்பதில்லை. நீங்கள் பார்த்து வைத்த இடங்களில் ஒன்றிரண்டாவது கேட்டால் கோடையிலேயே எழுதிவிடுங்கள். செப்டம்பர் 2023 முதல் தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது, மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும்.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நம் பிள்ளைகள் மிகவும் கூச்சப்படும் இடம் இது. மேற்படிப்புக்குப் பெரும்பாலும் மூன்று கடிதம் வேண்டும். ஒன்று லேப் பேராசிரியர். மற்ற இரண்டுக்கு, ஏ கிரேடு வாங்கிய வகுப்பு என்பதைவிட உங்கள் பெயரும் முகமும் தெரிந்த பேராசிரியர் முக்கியம். அப்படி யாரும் இல்லையென்றால் ஃபால் செமஸ்டரின் முதல் வாரத்திலிருந்தே மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர்கள் ஒதுக்கும் ஆஃபீஸ் அவர்ஸ் நேரத்தில் போய்ப் பாருங்கள். கடிதம் கேட்கும்போது "முடியுமா?" என்று மட்டும் கேட்காமல் இப்படி எழுதலாம்: "உங்கள் வகுப்பில் தரவுத் தரம் பற்றிச் செய்த புராஜெக்டின் தொடர்ச்சியாக இந்தக் கோடையில் லேபில் ஒரு சிறு ஆய்வு செய்தேன், அதன் இரண்டு பக்கச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். டிசம்பரில் ஆறு இடங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். என் வேலையை நன்கு அறிந்தவர் என்ற முறையில் வலுவான கடிதம் தர உங்களால் முடியுமா? முடியாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அரை மனதோடு எழுதிய கடிதம் இல்லாத கடிதத்தைவிட மோசம். அக்டோபர் தொடக்கத்திலேயே கேளுங்கள், கடைசித் தேதிக்கு ஆறு வாரமாவது இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆம் என்றே போடுங்கள், படிப்பவர்கள் அப்போதுதான் கடிதத்தை முழுமையாக நம்புவார்கள்.

நூலக வேலையைப் பற்றி: செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸில் வாரம் 20 மணி நேரம்தான், கோடை விடுமுறையில் முழுநேரமும் பார்க்கலாம் என்பது தெரிந்திருக்கும். சம்பளச் சீட்டையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடங்களில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்ற ஓய்வூதிய, மருத்துவக் காப்பீட்டு வரிகளின் பிடித்தம் கிடையாது. தவறாகப் பிடித்திருந்தால் சம்பளப் பிரிவில் கேட்டுத் திரும்பப் பெறலாம். கேட்காதவர்கள் நிறைய.

ஜூலையில் ஒரு பத்து நாளாவது எதையும் திறக்காமல் இருங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நவம்பரில் சோர்ந்து விழுபவர்களில் பலர் கோடை முழுவதும் குற்ற உணர்ச்சியோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அம்மா அப்பா ஒவ்வொரு வாரமும் "வேலை ஏதாவது ஆச்சா?" என்று கேட்டால், ஆகஸ்ட், செப்டம்பர், டிசம்பர், பிப்ரவரி, ஏப்ரல் என்று இந்த மாதக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து விளக்கிவிடுங்கள். எப்போது என்ன செய்தி வரும் என்று தெரிந்தால் அவர்கள் கேட்பது பாதியாகக் குறையும்.

பட்டமளிப்புக்கு அவர்களை அழைக்கும் எண்ணம் இருந்தால், அதையும் இப்போதே பேசிவிடுங்கள். பாஸ்போர்ட் காலாவதித் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். விசிட்டர் விசா நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், மே மாத விழாவுக்கு மார்ச்சில் ஆரம்பித்தால் நடக்காமல் போகக்கூடும். பட்டமளிப்புக்கான அழைப்புக் கடிதம் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. செப்டம்பரில் கேரியர் ஃபேருக்குப் போகும் வாரத்திலேயே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அதை யார் தருவார்கள், எப்போது தருவார்கள் என்று கேட்டு வைத்துவிடுங்கள்.